தெய்வானை வைத்த பட்டன்

கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன், கேளுங்கள். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் தெய்வானை என்று ஒருத்தி கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். வீட்டில் கைக்குழந்தை, கண் நிறையத் தூக்கம்.

ஒருநாள் முதலாளி ராஜரத்தினம், "முருகேசன் கல்யாணப் படம் தொள்ளாயிரம் இருக்கு. எல்லாத்துக்கும் பேரும் நம்பரும் போடு. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிக்கலைன்னா நாளையிலருந்து வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபைல்களைத் திறக்கிற இடத்தில் தெய்வானை முன்னாடியே ஒரு பட்டன் செய்து வைத்திருந்தாள். அதற்குள் பேரை எழுதிவிட்டு அமுக்கினால், எல்லாப் படத்துக்கும் அந்தப் பேரையும் வரிசை நம்பரையும் அதுவே போட்டுவிடும். 'முருகேசன் கல்யாணம்' என்று எழுதினாள், அமுக்கினாள், மேஜையிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள்.

முதலாளி திரும்பி வந்தார். கூடவே காதுகுத்துப் படம் வாங்க ஒரு பெரியவரும் வந்தார்.

"தூங்கவா சம்பளம்?"

"வேலை முடிஞ்சிருச்சு சார். இந்தப் பட்டன் செஞ்சிருச்சு."

"அப்ப பட்டனே போதும். நீ கிளம்பு."

"சரி சார்" என்று செருப்பை மாட்டினாள்.

முதலாளி காதுகுத்துப் படங்களைத் திறந்து, பெருமையாகப் பட்டனை அமுக்கினார். முந்நூறு படத்துக்கும் 'முருகேசன் கல்யாணம்' என்று விழுந்தது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "என் பேத்திக்கு இன்னும் பல்லே முளைக்கலை. அதுக்குள்ள கல்யாணமாய்யா?"

முதலாளி வாசலுக்கு ஓடினார். "தெய்வானை, வந்து உக்காரும்மா!"

"வர்றேன் சார். ஆனா வேலை முடிஞ்சா தூங்குவேன்."

"தூங்கு தாயே!"

எனக்கும் அப்படி ஒரு பட்டன் இருந்தால், இந்தக் கீரைக்கு ஒரு அமுக்கு, அந்தத் துணிக்கு ஒரு அமுக்கு, அப்புறம் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து...

"கோமதி, பாப்பா முழிச்சிட்டா!"

இதோ வந்துட்டேன் அத்தை, கண்ணை மூடி ஒரு நிமிஷம்...