முங்க முடியாத முக்குளிப்பான்

காட்டோரத்து அல்லிக்குளத்தில் குமிழி என்றொரு முக்குளிப்பான் வாழ்ந்தாள். கைக்கு அடக்கமான பறவை. கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீருக்குள் மறைவாள். எங்கே போனாள் என்று தேடும்போது தூரத்து அல்லி இலைகளுக்கு நடுவே தலையை நீட்டுவாள். அவள் சாப்பாடு தேடுவதும் முங்கித்தான், பருந்திடமிருந்து தப்புவதும் முங்கித்தான். முதுகில் இரண்டு குஞ்சுகளைச் சுமந்துகொண்டே முங்குவாள்.

அந்தக் குளத்தில் அவளைப்போல முங்க ஆளில்லை. ஆனால் அதை யாரும் பாராட்டியதில்லை. தண்ணீருக்குள் நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

மார்கழியில் வடக்கிலிருந்து வாத்துகள் வந்து இறங்கின. அவற்றின் மார்பைப் பார்த்துக் குளமே வாயைப் பிளந்தது. முன்னால் மார்பு வரும், கொஞ்சம் பின்னால் வாத்து வரும். அதிலும் தலைவி வாத்து நீந்தும் அழகைப் பார்க்கக் கொக்குகள் மீனை மறந்து நின்றன. மீன்களுக்குக் கொண்டாட்டம்.

குமிழி தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தாள். நிழலில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

"என்னங்க, என் மார்பு ரொம்பச் சின்னதா இருக்கோ?" என்று கணவன் அமிழனைக் கேட்டாள்.

"சேச்சே! அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றான் அமிழன். சொன்னது குமிழியிடம், பார்த்தது வாத்துகளை.

"பஞ்சு வச்சுப் பெருசாக்கிக்கலாமான்னு பார்க்கறேன்."

"உன் இஷ்டம்!" என்றான் அவன். அப்போதும் கழுத்து திரும்பவில்லை.

இந்த 'உன் இஷ்டம்' இருக்கிறதே, அதைச் சொன்னவர்கள் பிறகு எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நல்லது நடந்தால் "நான்தான் சரின்னு சொன்னேன்", கெட்டது நடந்தால் "நான் சொன்னேனா?"

குமிழி ஆசைப்பட்டதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் உடம்பு, அவள் ஆசை. யாரிடம் போய் யோசனை கேட்டாள் என்பதில்தான் கோளாறு.

வாத்து இனத்துக்கே சவால் விடும் மார்பு ஒன்று உள்ளூரிலேயே இருந்தது. அது நாமக்கோழியினுடையது. நெற்றியில் வெள்ளை நாமமும் நிமிர்ந்த மார்புமாக வலம் வருவாள். எப்போதும் வலப்பக்கம் காட்டியே நீந்துவாள். எதிரில் யாராவது இடப்பக்கமாக வந்தால் சட்டென்று திரும்பிக்கொள்வாள். அது அவளுடைய ஒயில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இது... வச்சதா?" என்று குமிழி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்னடி கேள்வி இது! எனக்குப் பிறந்ததுலேருந்தே இப்படித்தான். எங்க அம்மா வழி!" என்றாள் நாமக்கோழி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா உனக்கு வேணும்னா கொண்டலாத்தி டாக்டர்கிட்ட போ. கைராசிக்காரராம். நான் கேள்விப்பட்டதுதான். போனா, நான் அனுப்பினேன்னு மறக்காம சொல்லு!"

குமிழி உடனே அங்கே போய்விடவில்லை. அவளும் கொஞ்சம் விவரமானவள்தான். இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று முதலில் தையல்சிட்டிடம் போனாள். இலையோடு இலையைச் சேர்த்துத் தைப்பதில் அந்தச் சிட்டுக்கு நிகர் காட்டில் இல்லை. ஆனால் வாய் மட்டும் வேப்பங்காய்.

"மார்பு பெருசாக்கணும் டாக்டர்."

"சரி. நீ என்ன வேலை பார்க்கற?"

"வேலையா? மீன் பிடிக்கறேன்."

"எப்படிப் பிடிக்கற? எவ்வளவு ஆழம் போவ? குஞ்சுங்க இருக்கா? இன்னும் முதுகுல ஏறுதா? இதுக்கு முன்னாடி உடம்புல எங்கேயாவது தையல் போட்டிருக்கா? இது உன் ஆசையா, யாராவது ஏத்தி விட்டதா?"

குமிழிக்கு எரிச்சல் வந்தது. "டாக்டர், நான் மார்பைப் பத்திக் கேட்க வந்தேன்!"

"மார்பு தனியா நடந்து வந்திருந்தா அதைமட்டும் கேட்டிருப்பேன். கூட நீயும் வந்திருக்கியே!" என்றது தையல்சிட்டு. "நான் வேணாம்னு சொல்லலை. வச்சா என்ன ஆகும், பிற்பாடு எடுக்கணும்னா என்ன பண்ணணும், எல்லாத்தையும் சொல்றேன். உட்கார்ந்து கேளு. கேட்டுட்டு வீட்டுக்குப் போய் நல்லா யோசி. அப்பவும் வேணும்னா வா."

குமிழி உட்காரவில்லை. நேராக நாமக்கோழியிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள்.

"கேள்வி மேல கேள்வி கேட்டா அதுக்குத் தொழில் தெரியலைன்னு அர்த்தம்!" என்றாள் நாமக்கோழி. "நல்ல டாக்டர்னா பார்த்த உடனே சொல்லிடுவார். வாயைத் திறக்க விடமாட்டார்!"

அதுவும் சரிதானே என்று குமிழிக்குப் பட்டது. நமக்கும் அப்படித்தானே படுகிறது? ஊசி போடாமல் "ஓய்வு எடுங்க" என்று அனுப்புகிற டாக்டரை நாம் மறுமுறை எட்டிப் பார்ப்பதில்லை.

கொண்டலாத்தியின் மருத்துவமனை ஒரு பட்ட மரத்துப் பொந்தில் இருந்தது. வாசலில் பூமாலை. தலையில் கொண்டையை விசிறிபோல் விரித்து, அவரே எதிரே வந்து வரவேற்றார். வெளிநாடெல்லாம் போய்வந்தவர். அங்கே என்ன படித்தார் என்று கேட்டால் கொண்டையை ஒருமுறை மடக்கி விரிப்பார். கேட்டவர்கள் அதிலேயே திருப்தி ஆகிவிடுவார்கள்.

சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்றின் கீழே 'முன்பு' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு சிட்டுக்குருவி இருந்தது. இன்னொன்றின் கீழே 'பின்பு'. அதில் ஒரு கொழுத்த மைனா இருந்தது.

"ரெண்டும் ஒரே பறவையா டாக்டர்?"

"ஒரே பறவைதாம்மா! நிறம் மாத்தினது நம்ம அன்பளிப்பு!"

"உள்ளே ஏதோ நாறுதே டாக்டர்?"

"மருந்து வாடை!"

உண்மையில் கொண்டலாத்தி பொந்தைக் கூட்டிப் பெருக்கியதே இல்லை. வெளியே மாலை மாற்றுவதற்கே அவருக்கு நேரம் போதவில்லை.

"நாமக்கோழி அக்கா அனுப்பினாங்க" என்றாள் குமிழி.

கொண்டலாத்தியின் முகம் மலர்ந்தது. "அப்படியா! ரொம்ப நல்லவங்க! சொல்லுங்க, நாமக்கோழி அளவா, வாத்து அளவா?"

"வேற ஒண்ணும் கேட்க மாட்டீங்களா டாக்டர்?"

"எனக்கு எதுக்கும்மா கேள்வி? பார்த்ததுமே புரிஞ்சிடுச்சு. உங்களுக்கு வாத்து அளவுதான்! அசல் இலவம்பஞ்சு வைக்கறோம். இறகு மாதிரி லேசு. இருக்கறதே தெரியாது!"

அடடா, டாக்டர் என்றால் இவரல்லவா டாக்டர் என்று குமிழி பூரித்துப் போனாள். மறுநாளே அங்கே கொடுத்த ஊமத்தைச் சாற்றைக் குடித்து மயங்கினாள்.

விழித்தபோது மார்பு வலித்தது. பக்கத்தில் ஓர் ஓணான் வாயில் தையல் நாரைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தது.

"டாக்டர் எங்கே?"

"எதிர்க்கரையில புதுக் கிளை திறக்கறோம். காலையிலயே அங்கே போயிட்டார்."

"அப்போ இதைத் தைச்சது யாரு?"

ஓணான் தலையை மேலும் கீழுமாக ஆட்டியது. அது என்ன கேட்டாலும் அப்படித்தான் ஆட்டும். பெருமைப்படுகிறதா, மன்னிப்புக் கேட்கிறதா என்று கடைசிவரை தெரியவில்லை.

குமிழி குளத்தில் இறங்கினாள். அடேயப்பா! கொக்குகள் மறுபடியும் மீனை மறந்தன. அமிழனின் கழுத்து முதல்முறையாக அவள் பக்கம் திரும்பியது. "நான்தான் சரின்னு சொன்னேன்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான்.

குமிழிக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. இரண்டு குஞ்சுகளும் முதுகில் ஏறிக்கொண்டு, "அம்மா, பசிக்குது!" என்று கத்தின. "இதோ!" என்று குமிழி தலையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

தலை போனது. கழுத்து போனது. மார்பு போகவில்லை. வால் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்க, பந்துபோல் மிதந்தாள். உந்தினாள், உதைத்தாள். தண்ணீர் அவளை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. கரையில் தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

அன்றிலிருந்து அமிழன்தான் எல்லோருக்கும் மீன் பிடித்தான். "நான் சொன்னேனா?" என்று ஒவ்வொரு மீனுக்கும் ஒருமுறை கேட்டான். அவன் ஒருவன் முங்கி நாலு வயிறு நிறையவில்லை. குஞ்சுகள் இளைத்தன. அவற்றின் எலும்பு முதுகில் உறுத்தியபோது குமிழிக்கு அழுகை வந்தது. குஞ்சுகளை அமிழனிடம் விட்டுவிட்டு, தத்தித் தத்திப் பொந்துக்குப் போனாள்.

"டாக்டர், என்னால முங்கவே முடியலை!"

"முங்கறதா? நீங்க முங்குவீங்களா? அதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா!"

"என் பேரே முக்குளிப்பான்தானே டாக்டர்!"

"நான் பேரெல்லாம் பார்க்கறதில்லை, மார்பை மட்டும்தான் பார்ப்பேன்!" என்றார் கொண்டலாத்தி. கொண்டையை மடக்கி விரித்தார். "கவலைப்படாதீங்க. கூடவே கொஞ்சம் கூழாங்கல் வச்சுத் தைச்சிடலாம். அருமையா முங்கிடுவீங்க!"

"மேல எப்படி டாக்டர் வர்றது?"

"அதுக்கு வேற சிகிச்சை இருக்கு!"

குமிழி குளத்துக்குத் திரும்பினாள். குஞ்சுகள் ஆசையாக நீந்திவந்து முதுகில் ஏறின. அமிழன் அப்போதுதான் மீனுக்காக முங்கியிருந்தான்.

அந்த நேரம் பார்த்துக் குளத்தின்மேல் ஒரு நிழல் விழுந்தது. பருந்து!

வாத்துகள் சடசடவென்று சிதறின. நாமக்கோழி நாணலுக்குள் பாய்ந்தாள். குளத்தின் நட்டநடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி, மாட்சிமையோடு மிதந்தவள் குமிழி ஒருத்திதான்.

"அம்மா, முங்கு!" என்று ஒரு குஞ்சு அலறியது.

"முங்கும்மா! முங்கு!" என்றது மற்றொன்று.

முங்கினாள். தண்ணீர் வெளியே தள்ளியது. மறுபடி முங்கினாள். மறுபடியும் தள்ளியது. பருந்தின் இறக்கைக் காற்று முதுகில் பட்டது. குஞ்சுகளின் நடுக்கமும் பட்டது. எவ்வளவு அழகாகச் சாகப் போகிறேன் என்று குமிழிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. தன் அலகால் தன் மார்பையே குத்தினாள். தையலைக் கடித்து இழுத்தாள். உயிர் போகிற வலி. இழுத்த இழுப்பில் நார் அறுந்தது, பஞ்சு பொங்கி வெளியே கொட்டியது.

பருந்தின் நகங்கள் தண்ணீரில் இறங்கின. எழுந்தபோது இரண்டு கால் நிறையப் பஞ்சுதான் இருந்தது. அது காட்டு மரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தும்மியது.

குமிழி குஞ்சுகளை இறக்கைக்குள் இறுக்கிக்கொண்டு அடியாழத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் தலை நீட்டிய இடம் தையல்சிட்டின் புதரோரம். மார்பில் ரத்தம் வழிந்தது. சிட்டு ஓடிவந்து காயத்தைப் பார்த்தது.

"இதுக்குப் பேரு தையலா? நெல்லு மூட்டைகூட இதைவிட நல்லா தைப்பாங்க! அது சரி, உன்னை யாரு இழுத்துப் பிய்ச்சுக்கச் சொன்னது? என்கிட்ட வந்திருந்தா நானே பக்குவமா எடுத்திருப்பேனே!"

"வந்திருப்பேன் டாக்டர். பருந்து அதுக்கு நேரம் கொடுக்கலை" என்றாள் குமிழி.

சிட்டு சிரித்தது. திட்டிக்கொண்டே தைத்தது. காயம் ஆற நாளாகும், தழும்பு மறையவே மறையாது என்று ஒளிக்காமல் சொன்னது.

தையல் முடிவதற்குள் புதருக்குப் பின்னால் ஒரு கனைப்பு. நாமக்கோழி வந்து நின்றாள். "டாக்டர், வச்ச பஞ்சை எடுக்க முடியுமா? என் தங்கச்சிக்காகத்தான் கேட்கறேன்."

"தங்கச்சி கொஞ்சம் இடப்பக்கம் திரும்பட்டும்" என்றது சிட்டு.

நாமக்கோழி வேறு வழியில்லாமல் திரும்பினாள். அந்தப் பக்கத்து மார்பு நழுவி நழுவி முதுகுக்கே போயிருந்தது.

குமிழிக்கு வலியெல்லாம் மறந்து கோபம் வந்தது. "பிறந்ததுலேருந்தே இப்படித்தான்னு சொன்னீங்களே அக்கா! அம்மா வழின்னு சொன்னீங்களே! இதை ஒருதடவை எனக்குத் திரும்பிக் காட்டியிருந்தா, என் பிள்ளைங்க பருந்து நகத்துக்குக் கீழே போயிருக்குமா?"

நாமக்கோழி தலையைக் குனிந்தாள். "புதுசா ஒரு ஆளை அனுப்பினா இதை இலவசமா சரிபண்ணித் தர்றேன்னு டாக்டர் சொன்னார்டி" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. "அனுப்பினேன். இன்னும் ஒரே ஒரு ஆளை அனுப்புன்னு சொல்றார்."

குமிழி மறுபடி வாயைத் திறந்தாள். திட்ட நிறைய இருந்தது. அதற்குள் நாணல் விலகியது. தலைமேல் அல்லி இலையைக் கவிழ்த்து முகத்தை மறைத்துக்கொண்டு யாரோ மெல்ல வந்தார்கள். முன்னால் மார்பு வந்தது, கொஞ்சம் பின்னால் தலைவி வாத்து வந்தாள்.

"டாக்டர், நாங்க வடக்கே கிளம்பற நேரம் நெருங்குது" என்றாள் கூச்சத்தோடு. "இதைத் தூக்கிட்டு என்னால மலையைத் தாண்ட முடியாது. வரும்போதே பாதி வழி நடந்துதான் வந்தேன்."

குமிழி வாத்தைப் பார்த்தாள், நாமக்கோழியைப் பார்த்தாள், தன் புதுத் தையலைப் பார்த்தாள். பிறகு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டாள். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்தின் நடுவுக்கு நீந்தினாள். அங்கே போய், தையலை எல்லோரும் பார்க்கும்படி மார்பை நிமிர்த்திக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் உரக்கச் சொன்னாள். எதிர்க்கரையில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த கொண்டலாத்தியின் கொண்டை அன்றைக்கு மடங்கியது மடங்கியதுதான்.

நீதி: உன்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் கத்தியைத் தூக்குகிறவரிடம் உன் உடம்பைக் கொடுக்காதே, கொடுத்து ஏமாந்துவிட்டால் அதை உனக்குப் பின்னால் வருகிறவளிடம் மறைக்காதே.