பஸ்ஸில் வந்த மைதா

"மாஸ்டர், மூணாவது கேக்கும் நடுவுல குழி விழுந்திடுச்சு."

சொன்னவர் தங்கதுரை சார். முப்பத்துநாலு வருடம் பிசிக்ஸ் வாத்தியார்.

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது பேக்கரி ஜெபாவை. வயது இருபத்தாறு. பதினொன்றாம் வகுப்பில், விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாததற்காக இதே சாரால் பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை சாருடைய மனைவி எஸ்தருக்கு அறுபது. வீட்டில் எல்லார் பிறந்தநாளுக்கும் கேக் செய்கிறவள் எஸ்தர்தான். எஸ்தருக்கு இதுவரை யாரும் செய்ததில்லை. அதனால் அவளுக்குத் தெரியாமல் சார் இந்தப் பேக்கரி ஓவனில் முயன்றுகொண்டிருந்தார்.

"அவ நோட்டைப் பார்த்துத்தான் செஞ்சேன். ஒரு கப் மைதான்னு எழுதியிருக்கா. ஒரு கப் நூத்தி இருபது கிராம்னு நெட்டுல போட்டிருக்கான். தராசுல வச்சு, அரை கிராம் பிசகாம எடுத்தேன்."

"யாரு கப்பு சார்?"

"கப்புன்னா கப்புதான் மாஸ்டர்."

ஜெபா ரஸ்க் அடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் எவர்சில்வர் டம்ளரோடு வந்தார்.

"இதாலதான் அள்ளுவாளாம்!"

"அள்ளுங்க. நிறுத்துப் பாருங்க."

தூவி நிரப்பினார். நூற்று முப்பத்தைந்து.

டின்னுக்குள் விட்டு அள்ளினார். நூற்று நாற்பத்தொன்பது.

அழுத்தி அள்ளினார். நூற்று எழுபது.

"ஒரே டம்ளர்! இதுல எது சரி மாஸ்டர்?"

"டம்ளர் வந்திருக்கு. கை வரலையே."

சனிக்கிழமை காலை சார் சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"எஸ்தர், ஒரு கப் மைதா கொடேன். பக்கத்து வீட்டுல கேக் போடுறாங்களாம்."

"அவங்க வீட்டுல ஓவனே கிடையாதே!"

சார் கூரையைப் பார்த்தார்.

எஸ்தர் மைதா டின்னைத் திறந்தாள். டம்ளரை டின்னுக்குள் விட்டாள். அதை மேடையில் ரெண்டு முறை தட்டினாள். சுண்டுவிரலால் ஒரே வழிப்பு. தட்டு வைத்து மூடி, துணியால் கட்டிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டார், ஜன்னலோர சீட்டில்.

"சார், மடியில இருக்கிற பாப்பாவுக்கு அரை டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர்.

ரோடு பூராவும் பள்ளம்.

பேக்கரியில் துணியை அவிழ்த்தார். முகம் தொங்கிவிட்டது. விளிம்பு வரை இருந்த மாவு ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

"போச்சு மாஸ்டர். நாளைக்குப் பிறந்தநாள். பஸ்ஸு குலுக்கிக் குலுக்கி அளவைக் கெடுத்திடுச்சு."

குறைந்ததை நிரப்ப மைதா மூட்டைக்குள் கையை விட்டார்.

ஜெபா அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"கொட்டுச்சா?"

"ஒரு துளி கொட்டலை."

"அப்போ எது போச்சு?"

சார் வாயைத் திறந்தார். முப்பத்துநாலு வருடம் அதற்குப் பதில் சொல்லிக்கொடுத்த வாய். "எடை அப்படியேதான் இருக்கு," என்றது.

ஜெபா டம்ளரைத் தராசில் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டி எடுத்தாள்.

"நூத்தி ஐம்பத்திரண்டு," என்றாள். "எழுபது கேக் போட்டாலும் அந்தச் சுண்டுவிரல் இதே கணக்குத்தான் காட்டும் சார். எனக்கு அந்தக் கை கிடையாது. அதான் தராசு வாங்கி வச்சிருக்கேன். எழுதிக்கோங்க."

சார் நோட்டில் எழுதினார். 1 = 152 கிராம்.

ஜெபா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுக்குப் பக்கத்துல அலகு எங்க சார்? ஏறுங்க பெஞ்சு மேல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு எழுதினார்.

1 எஸ்தர் = 152 கிராம்.