பூமாரியின் கருப்பட்டி

மற்றப் பிள்ளைகளுக்கு முதல் சொல் அம்மா. செங்கமலத்தின் மகள் பூமாரிக்கு முதல் சொல் "தெரியாது".

சொல்லிக்கொடுத்தவள் செங்கமலம்தான். உப்பளத்தில் கூலி கேட்டு வேலைநிறுத்தம் நடந்த காலம். புருஷன் தங்கப்பழத்தின் பேரில் வாரண்ட், அவன் தலைமறைவு. போலீஸ்காரர்கள் மிட்டாயை நீட்டி, "அப்பா எங்க பாப்பா?" என்பார்கள். பிள்ளை கையை விரித்துத் "தெரியாது" என்னும். அவர்கள் தலை மறைந்ததும் செங்கமலம் அதன் வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைப்பாள். சங்கத்துக்காரர்கள் பிள்ளையைத் தோளில் தூக்கி ஆடினார்கள். "பிறவிப் போராளி!" என்றார் செயலாளர் பொன்னுலிங்கம்.

போராட்டம் ஜெயித்தது. தங்கப்பழம் கழுத்து மாலையோடு வீடு திரும்பினான். மூன்று வயதில் பூமாரியை அங்கன்வாடியில் சேர்த்தார்கள். உன் பேர் என்ன? தெரியாது. இது காக்காவா? தெரியாது. சொல்லிவிட்டு, கருப்பட்டிக்காக நாக்கை நீட்டி நிற்கும்.

"இதுக்கு எல்லாம் தெரியுது, செங்கமலம். தெரியும்னு சொல்லத்தான் பயம். இப்படியே விட்டா மந்தம்னு ஒதுக்கிருவாங்க" என்றார் டீச்சர்.

அன்றே செங்கமலம் பாடத்தை மாற்றினாள். இனி சரியான பதிலுக்குத்தான் கருப்பட்டி. மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். ஒருநாள், சேவல் எங்கே என்றதற்குப் பிள்ளை கூரையைக் காட்டியது. அம்மா எங்கே என்றதற்குச் சேலையைப் பிடித்தது. அவள் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வேலைநிறுத்தம் வந்தது. மறுபடியும் வாரண்ட்.

"ஏட்டி, பிள்ளைக்கு அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லிக்கொடு" என்றான் தங்கப்பழம்.

"மாட்டேன். இப்பத்தான் அது வாயில பேச்சு வந்திருக்கு. நீங்க இருக்கிற இடம் எங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம். தூரமாப் போயிருங்க."

"கட்டினவனைத் தூரமாப் போகச் சொல்றா பாரு!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஆனால் தூரம் போகவில்லை. கூப்பிடு தூரத்தில், உப்பளத்து மோட்டார் கொட்டகையில் இருந்தான். அப்பா எங்கே என்றால் பிள்ளை இப்போது என்ன சொல்லும், கேட்க வேண்டாமா? செங்கமலம் தண்ணீர் லாரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பூமாரியைக் கொட்டகைக்குத் தூக்கிப் போனான்.

"அப்பா எங்க?"

"இந்தா!" என்று அவன் நெஞ்சில் அடித்தது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கருப்பட்டி கொடுத்தான். மறுபடி கேட்டான், மறுபடி கொடுத்தான். செங்கமலம் வருவதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

மறுநாள் மஃப்டியில் ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். "தெரியாதுய்யா" என்று செங்கமலம் சொன்னது நிஜம். அதற்குள் பூமாரி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அது கொட்டகைப் பக்கம் திரும்புகிறதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது.

தங்கப்பழத்தை விலங்கோடு கொண்டுவந்தார்கள். சனம் கூடி நின்றது. பூமாரி அம்மா முன்னால் வந்து நாக்கை நீட்டியது.

செங்கமலம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கருப்பட்டியைக் கொடுத்தாள்.

"காட்டிக்கொடுத்ததுக்குக் கூலியா?" என்று பொன்னுலிங்கம் காறித் துப்பினார். அன்று முதல் சங்கத்தார் வீடு எதுவும் அவளுக்குத் திறக்கவில்லை.

பழைய சொல்லைச் சொல்லிக்கொடு என்றவன் தங்கப்பழம். முடியாது என்று மறுத்து, கடைசியில் கருப்பட்டியும் கொடுத்தவள் செங்கமலம். அவளைத் தள்ளிவைத்தது சங்கம். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: செங்கமலம். கொட்டகைக்கு வழி காட்டிக்கொடுத்தது அவளல்ல, தகப்பன். அப்பா எங்கே என்ற கேள்விக்குக் கடைசியாகக் கருப்பட்டி கொடுத்த கை அவனுடையது. மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்குப் பின்னால் ஒளிகிற சங்கம் எந்த முதலாளியை என்ன செய்துவிடும்? அவள் பேரிலும் ஒரு தப்பு உண்டு. அது முதல் கருப்பட்டி. அன்றைக்கு எல்லாரும் கை தட்டினார்கள்.