நாலு மேசை, பதினோரு வருஷம்

"அந்தப் பதினோரு வருஷத்தை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள் ஜெமிமா.

கேட்டது கல்லூரி ஆலயத்தின் குருவானவர் நேசையனிடம். அவர் ஆலய வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றியவர் மற்றதை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கிருந்து?"

"புத்தகத்திலிருந்துதான். என் தலையிலிருந்தா எடுக்க முடியும்?"

நேசையன் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் சபையாருக்கான இறையியல் வகுப்பில் இரண்டு வருஷம் அவளுக்கு ஆசிரியர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்த ஜெமிமாவுக்கு அது ஆகவே ஆகாது. அங்கே பதில் வராவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள். இந்தக் குருவானவரை எத்தனை தடவை ஏற்றியிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவர் மற்ற செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவளும் போனாள்.

விஷயம் இதுதான். ஊரார் அதை நாலு சபைக் கல்லூரி என்பார்கள். ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் என்று நான்கு சபையாரும் சேர்ந்து, போதகர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அதற்கு நூறு வயதாகிறது. நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பை ஜெமிமாவிடம் கொடுத்திருந்தார்கள். அவளுடைய தாத்தா மாசிலாமணி அங்கே முதல் ஆசிரியர்களில் ஒருவர். அவர் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நடப்பாள்.

பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

ஒரே வகுப்பு, ஒரே சாப்பாட்டுக்கூடம், ஒரே கிணறு. எல்லாம் சரி. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மட்டும் தனித்தனி. பதினோரு வருஷம், ஞாயிறுதோறும், இதே ஆலயத்தில், ஒன்று முடிந்து ஒன்றாக நாலு ஆராதனை. ஒரு சபையார் மேசையில் இன்னொரு சபையார் அப்பம் வாங்க மாட்டார்கள். ஒரே மேசை போடலாம் என்று யாரோ கேட்டபோதெல்லாம் எழுந்து மறுத்தவர் மாசிலாமணி. ஒரு தடவை இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன். பிடித்தால் பிடித்ததுதான்.

விழாக்குழுச் செயலர் தனசிங் பதறிவிட்டார். முதல் நாளிலிருந்தே எல்லோரும் ஒரே பந்தி என்று எழுதிவிடுங்கள் அக்கா, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றார். அச்சகத்தார் சாயங்காலம் ஆள் அனுப்புவார்கள்.

"ஐயா, நாலு நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒற்றுமைக்கு என்று கல்லூரி கட்டிவிட்டு ஆளுக்கொரு மேசை போட்டுக்கொண்டார்கள் என்று எழுதினால் மானம் கப்பலேறிவிடும். அதிலும் மறித்தது யார் என்று கேட்டால் என் தாத்தாவைக் கைகாட்ட வேண்டும். எழுதாவிட்டால் பொய். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவேன்."

நேசையன் பீடத்தைக் கைகாட்டினார்.

"மேசையை ஆயத்தம் பண்ணுங்கள்" என்றார். "ஆங்கிலிக்கன் முறைமை."

"இப்போதா?"

அவர் பாத்திர அறையைத் திறந்துவிட்டார்.

இன்றைக்கும் அங்கே மாதத்துக்கு ஒரு முறைமைப்படி திருவிருந்து நடக்கும். எல்லோரும் எல்லாவற்றிலும் கலந்துகொள்வார்கள். அதனால் நான்கு சபைச் சாமான்களும் இருந்தன. ஜெமிமா வெள்ளை விரிப்பை விரித்தாள். வெள்ளிப் பாத்திரத்தைத் துடைத்து வைத்தாள். திராட்சரசத்தை ஊற்றி மூடினாள். பீடத்து முன்கம்பி அருகே முழங்கால் மெத்தைகளை வரிசையாகப் போட்டாள். விரிப்பின் ஓரம் ஒரு விரற்கடை கோணியிருந்தது. அதையும் இழுத்துச் சரிசெய்தாள்.

நேசையன் பார்த்தார்.

"எடுத்துவிடுங்கள். லுத்தரன்."

அவள் அவரை முறைத்தாள். எடுத்தாள். சிலுவையை நடுவில் வைத்தாள். மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். தட்டில் வட்ட அப்பங்களை அடுக்கினாள்.

"எடுத்துவிடுங்கள். மெதடிஸ்ட்."

விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் கிண்ணங்கள் நாற்பது. ஒவ்வொன்றிலும் திராட்சைச் சாறு ஊற்ற வேண்டும். சிந்தக் கூடாது.

"கல்யாண வீட்டில் நாலு பந்தி போட்டாலும் இலை மாறுமே தவிர சமையல் மாறாது" என்றாள் ஜெமிமா.

"எடுத்துவிடுங்கள்."

நாலாவதான காங்கிரிகேஷனலில் பீடத்தருகே யாரும் வர மாட்டார்கள். ரொட்டியும் கிண்ணங்களும் பெஞ்சு பெஞ்சாகப் போக வேண்டும். கடைசித் தட்டை வைத்தபோது இடுப்பு விண்ணென்று தெறித்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மெனக்கெட்டு ஆளை வேலை வாங்குகிறார் என்று கோபம்.

"வாரா வாரம் இந்தக் கூத்தை யார் செய்தது?" என்றாள்.

"யார் செய்திருப்பார்கள்?"

"அவரவர் மேசையை அவரவர் போட்டிருப்பார்கள். அடுத்தவர் தொட்டால்தான் தீட்டாயிற்றே."

நேசையன் பாத்திர அறைக்குள் போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். ஆலய வேலைகளின் முறைப் புத்தகம். வரலாறு எழுதுகிறவள் கூட்டக் குறிப்புகளோடு நின்றுவிட்டாள். பாத்திரம் கழுவியவர்களின் நோட்டை அவள் கேட்கவேயில்லை.

முதல் பக்கத்திலேயே விதி எழுதியிருந்தது. திருவிருந்துக்கு வரும் சபையார் அந்த நேரத்தில் பாவ அறிக்கை செய்து ஆயத்த ஜெபத்தில் இருக்க வேண்டும். ஆகவே அவர்களுடைய மேசையை வேறொரு சபையார் ஆயத்தம் செய்ய வேண்டியது.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

லுத்தரன் மேசைக்கு ஒரு மெதடிஸ்ட். மெதடிஸ்ட் மேசைக்கு ஒரு காங்கிரிகேஷனல். பெயர்கள் மாதாமாதம் மாறின.

ஒரு பெயர் மாறவில்லை.

ஆங்கிலிக்கன் மேசை, ஆ. மாசிலாமணி.

ஜெமிமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் பத்துப் பக்கம் தள்ளினாள். ஆ. மாசிலாமணி. நோட்டின் நடுவில் பிரித்தாள். ஆ. மாசிலாமணி. ஓரத்தில் யாரோ பொடி எழுத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்கள்.

மாசிலாமணிக்குக் காய்ச்சல். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தார்.

ஆற்றில் வெள்ளம். மாசிலாமணி முந்தின நாளே வந்து தங்கினார்.

விரிப்பில் சுருக்கம் என்று மாசிலாமணி மறுபடி இஸ்திரிப் பெட்டி போட்டார். ஆராதனை பத்து நிமிஷம் தாமதம். ஆங்கிலிக்கன் சபையார் முணுமுணுத்தார்கள். மாசிலாமணி கேட்கவில்லை.

ஜெமிமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

தேதிகளைப் பார்த்தாள். அவர் கூட்டத்தில் எழுந்து இரண்டு மணி நேரம் மறுத்துப் பேசியது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கு நேராகவும் அதே பெயர் இருந்தது.

"சேர்ந்து உட்காரமாட்டேன் என்ற மனுஷர்" என்றாள். "தான் சாப்பிடாத மேசையை எதற்கு ஐயா இத்தனை வருஷம் போட்டார்?"

நேசையன் மேசையிலிருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறீர்களாமே?"

"இருக்கிறேன். அதற்கென்ன?"

"அன்றைக்கு வீட்டில் சமையல் உண்டா?"

"மற்றவர்கள் சாப்பிட வேண்டாமா?" என்றாள் ஜெமிமா. சொல்லிவிட்டு மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் உப்புக்கூட ருசி பார்க்காமல்தான் சமைப்பாள். அன்றைக்குத்தான் அவள் வீட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. தனசிங். அச்சகத்து ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றார். அந்தப் பதினோரு வருஷத்தை எடுத்தாயிற்றா என்று கேட்டார்.

ஜெமிமா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

"அதை முதல் அத்தியாயமாக்கப் போகிறேன் தம்பி" என்றாள். "அச்சகத்து ஆளை நாளைக்கு வரச் சொல்லுங்கள். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொல்லுங்கள்."