அந்துவனின் நீளக் கோடாரி

கடலோரத்தில் விளைந்த உப்பு மாட்டுவண்டி ஏறி மலைக்குப் போன காலம் அது. சாலை என்று ஒன்று கிடையாது. மாட்டுக் குளம்பு பட்ட இடமே வழி. அந்த வழியில் வருஷத்துக்கு ஒரு முறை ஐந்து வண்டிகளோடு ஓர் உப்பு வணிகக் கூட்டம் மலையேறும். அந்தக் கூட்டத்தில் அந்துவன் என்றொருவன் இருந்தான். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கதை முடியும்வரை பொறுத்திருங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவரை விறகுக்காரராக அமர்த்துவது அவர்கள் வழக்கம். சாயங்காலம் வண்டி நின்றதும் மாடுகளைச் சுற்றி முள்வேலி போட வேண்டும், மாடு கட்ட முளை சீவ வேண்டும், அடுப்புக்கு விறகு சேர்க்க வேண்டும். அந்த வருஷம் அந்துவனை அமர்த்தினார்கள். மலையடிவாரத்துக் கொல்லரிடம் ஒரு மூட்டை உப்பைக் கொடுத்துவிட்டு விறகுக்காரர் தனக்குப் பிடித்த கருவியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தது எடுத்ததுதான். பயணம் முடிந்து திரும்பும்வரை மாற்றிக் கேட்கக் கூடாது.

கொல்லர் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று மூக்கு வளைந்த வெட்டரிவாள். ஒன்று முழங்கை நீளமே உள்ள கைக்கோடாரி. மூன்றாவது, மார்பளவு உயரம் நிற்கும் நீளக் காம்புக் கோடாரி. அதன் இரும்பு அலகு வெள்ளி போல மின்னியது.

"எந்த வேலைக்கு?" என்று கேட்டார் கொல்லர்.

"இதுல எது பெருசு?" என்று கேட்டான் அந்துவன்.

கொல்லர் நீளக் கோடாரியைக் காட்டினார். கூட வந்திருந்த நாகிதான் பேசினாள். நாகி கணவனை இழந்தவள். தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வருபவள். ஐந்து வண்டிக்கும் மாற்று அச்சு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைத் தன் வண்டியின் அடியில் கட்டிக் காப்பது அவள் பொறுப்பு. "தம்பி, நமக்கு வேண்டியது சுள்ளியும் முள்ளும்தான். அந்த வளைஞ்சத எடு" என்றாள்.

"முருங்கைக்காய் பறிக்கவா, அக்கா?" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். நாகியும் சிரித்தாள். சிரிப்பு வந்துவிட்ட பிறகு நியாயம் யார் காதில் ஏறும்? அந்துவன் கோடாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் வண்டிக்கு முன்னால் நடந்தான். உப்பு விற்கப் போகும் மலையூருக்குள் இப்படியே நுழைந்தால் ஊரே வாசலுக்கு வந்து பார்க்கும் என்று நினைத்துக்கொண்டான். அதன் காம்புக்குத் தினமும் எண்ணெய் தேய்த்தான்.

முதல் நாள் முள் வெட்டப் போனான். புதருக்குள் கோடாரியை ஓங்க இடமில்லை. வெளியில் நின்று வீசினால் முள்கிளை வளைந்து கொடுத்து, திரும்பி வந்து அவன் முகத்தில் அடித்தது. உடம்பெல்லாம் கீறலோடு வந்தான். வேலியை மற்றவர்கள் கையால் ஒடித்துப் போட்டு முடித்தார்கள்.

இரண்டாம் நாள் முளை சீவ உட்கார்ந்தான். சீவ நினைத்தால் பிளந்தது. ஆறு கட்டை வீணான பிறகு நாகி தன் அரிவாள்மணையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். கோடாரி தோளில் போட்ட ஆண்பிள்ளை அரிவாள்மணையில் உட்காருவதா? அவன் அதைக் காலால் தள்ளி வைத்துவிட்டு மாடுகளை மரத்தில் கட்டினான்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு பாறைக் குடைவில் ஒதுங்கினார்கள். வண்டிகள் பாறைக்குப் பின்னால் நின்றன. வண்டித் தலைவர் கீரனாரின் மருமகள் வெள்ளியின் மடியில் கைக்குழந்தை குளிரில் வெடவெடத்தது. எங்கும் நனைந்த விறகு. பட்டையை உரித்து, ஈரத்தைச் சீவி எறிந்துவிட்டால் உள்ளே காய்ந்த வைரக்கட்டை கிடைக்கும் என்று அந்துவனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோடாரியால் அதைச் செய்ய முடியவில்லை. நாகியின் அரிவாள்மணை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அதைக் கேட்க ஒரு வார்த்தை போதும். நேற்றுக் காலால் தள்ளியதை இன்று வாயால் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை.

அவன் பாறைக்குப் பின்னால் போனான். நாகியின் வண்டி அடியில், பாய் சுற்றி, பனைநார்க் கயிற்றால் கட்டி, மழை படாமல் இருந்தது மாற்று அச்சு. ஆமணக்கெண்ணெய் ஊறிய வேலமரம். அவன் கயிற்றை அறுத்து, பாயோடு பள்ளத்தில் எறிந்தான். ஓங்கி ஒரு போடு போட்டான். நீளவாக்கில் பிளந்தது; இன்னும் நாலு போட்டில் அடையாளம் தெரியாத விறகானது. அன்றைக்குத்தான் அந்தக் கோடாரி முதன்முதலாகச் சொன்னபடி கேட்டது.

நெருப்பு குபுகுபுவென்று பற்றியது. குழந்தையின் நடுக்கம் நின்றது. மழையிலும் காய்ந்த விறகு கொண்டுவந்தவன் என்று எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். நாகி தீயில் கையைக் காட்டியபடி அவனைப் பார்த்துச் சொன்னாள்: "நான்தான் தப்பா சொல்லிட்டேன் தம்பி. உன் கோடாரி நல்ல கோடாரிதான்."

அந்துவன் சோற்றைத் தள்ளி வைத்தான். பசியில்லை என்று சொல்லிவிட்டு நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். முதுகு சுட்டது, முகமும் சுட்டது.

மறுநாள் மழை விட்டது. கணவாய் ஏற்றத்தில், வெள்ளி உட்கார்ந்திருந்த கீரனாரின் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடார் என்று சத்தம். அச்சில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். மேலே மறுபடியும் மேகம் திரண்டு வந்தது. ஏற்றத்தில் உப்பு நனைந்தால் வருஷத்துப் பிழைப்பே கரைந்து போய்விடும்.

மாற்று அச்சை எடுக்கச் சொன்னார் கீரனார். நாகி வண்டிக்கு அடியில் குனிந்தாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

அச்சைத் தொலைத்தவரை அடுத்த ஊரிலேயே இறக்கிவிடுவது அவர்கள் கட்டுப்பாடு. அப்புறம் எந்த உப்புக் கூட்டமும் சேர்க்காது. நாகிக்கு அந்த வண்டியை விட்டால் வேறு வாழ்வு கிடையாது. அது அந்துவனுக்கும் தெரியும்.

கீரனார் ஒருமுறை கேட்டார்: அச்சை யாராவது பார்த்தீர்களா? அந்துவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் முறை கேட்டார்: அச்சை யாராவது எடுத்தீர்களா? அந்துவன் தரையைப் பார்த்தான்.

மூன்றாம் முறை அவர் நாகியைப் பார்த்துக் கேட்டார்: முடிச்சைச் சரியாகப் போட்டாயா? நாகி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இருபது வருஷம் முடிச்சுப் போட்ட கைகள் அவை. "போட்டேன்னுதான் நினைச்சேன்" என்றாள். "வயசாகுது. இறுக்காம விட்டுட்டேன் போல. தப்பு என்னோடதுதான்."

அந்துவனால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. அவள்மேல் திருட்டுப் பழி விழுந்திருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பானோ என்னவோ, அவள் தன் கையையே சந்தேகித்தது அவனை உலுக்கிவிட்டது.

"அக்கா போட்ட முடிச்சு சரிதான்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான். "அக்கா போட்ட முடிச்சு சரிதான். நான்தான் அறுத்தேன். அந்த நெருப்புல எரிஞ்சது அச்சுதான்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேற்று அவனை வாழ்த்திய வெள்ளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

அந்துவன் கோடாரியை எடுத்தான். காம்பைக் கல்லில் தட்டி அலகிலிருந்து கழற்றினான். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வளர்த்த காம்பு அல்லவா, அது வழுவழுவென்று இருந்தது. விரிசல் விட்ட அச்சோடு அதைச் சேர்த்து வைத்தான். நாகி வந்து குனிந்து, நனைந்த கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பாரம் இல்லாவிட்டால் மட்டுமே வண்டி தாங்கும் என்றார் கீரனார். அந்த வண்டியின் உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து கணவாய்க்கு அப்பால் மழை படாத ஒரு குடைவில் சேர்த்தான் அந்துவன். கடைசி மூட்டை சேர்ந்த பிறகுதான் மழை இறங்கியது.

அவன் நினைத்தபடியே மலையூர் வாசலுக்கு வந்து பார்த்தது. மற்ற வண்டிகளில் இடமில்லாத மூட்டையை முதுகில் சுமந்து, தலை குனிந்து, காம்பில்லாத இரும்பை இடுப்பில் செருகிக்கொண்டு நுழைந்தான் அவன். யார் யார் பார்த்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே தெரியும்.

மலையூரில் புது அச்சு வாங்கிக்கொண்டார்கள். நாகி கேட்டுக்கொண்டதால் அவனைக் கூட்டத்தை விட்டு இறக்கவில்லை. அடுத்த வருஷமும் அவனே விறகுக்காரன். கொல்லர் மறுபடியும் மூன்று கருவிகளை வைத்தார். எந்த வேலைக்கு என்று கேட்டார்.

"முள் வெட்ட. முளை சீவ. நனைஞ்ச விறகுக்குப் பட்டை உரிக்க" என்றான் அந்துவன். கொல்லர் மூக்கு வளைந்த வெட்டரிவாளை அவன் கையில் கொடுத்தார். அவன் அதைத் தோளில் சாய்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டான்.

அந்தப் பயணத்தில் வேலி ஒரு நாளும் குறையவில்லை, முளை ஒன்றும் பிளக்கவில்லை, மழையிலும் அடுப்பு எரிந்தது. நடந்ததைப் பற்றி நாகி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் வண்டி நின்றதும் அவள் அடியில் குனிவாள். அச்சைக் கட்டிய முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். இரண்டாம் முறை இழுத்துப் பார்ப்பாள். எழுந்து இரண்டடி போனவள், திரும்பி வந்து மூன்றாம் முறையும் இழுத்துப் பார்ப்பாள். முன்பெல்லாம் அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அந்த மூன்று முறையும் அந்துவன் வெட்டரிவாளை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான்.

ஆகவே கேளுங்கள்: பார்ப்பவர் கண்ணுக்காக அல்லாமல் செய்யப்போகும் வேலைக்காகவே கருவியை எடுக்க வேண்டும், தவறி எடுத்துவிட்டால் அதை அன்றைக்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.