செல்லி குளம்

முன்னொரு காலத்திலே பூவாணி என்கிற நாட்டை முத்துவிசயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் காலையில் வரும், சாயங்காலம் போய்விடும். போகாதது ஒன்றே ஒன்று: செல்லி என்கிற கிழட்டு யானைமேல் அவர் வைத்த பாசம்.

வெயிலில் செல்லி படும் பாட்டைப் பார்த்து, அவளுக்கென ஒரு குளம் வெட்ட நினைத்தார்.

"அரண்மனைக்குப் பக்கத்தில் என் புன்செய்க் காடு இருக்கே மகாராஜா! அங்கேயே வெட்டுங்கள்," என்று முந்திக்கொண்டார் சபையிலிருந்த அகோரமூர்த்தி. குளத்துக்குத் தன் பேர் வரும் என்று அவருக்கு ஆசை.

மந்திரி ஆவுடையப்பர் தலையை ஆட்டினார். "அவர் காடு செம்மண். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அடியில் இறங்கிவிடும். கரிசல் பக்கம் வெட்டலாம்."

"கரிசல் காத தூரம். செல்லி நடப்பாளா?" ராஜாவுக்கு அன்றைய கோபம் வந்துவிட்டது. "இரண்டு மண்ணும் நாளை சபைக்கு வரட்டும். தோற்றவர் பதவியை விட்டுவிட்டு யானைக் கொட்டிலில் சாணம் அள்ளட்டும்!"

மறுநாள், அடியில் ஓட்டை போட்ட இரண்டு பானைகள் வந்தன. மந்திரியின் பானையில் கரிசல். அகோரமூர்த்தியின் பானையில் செம்மண். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிண்ணம். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார்கள். கரிசலிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தது. செம்மண்ணிலிருந்தோ ஒன்றுமே விழவில்லை!

"என்ன மந்திரியாரே, கொட்டிலுக்கு வழி தெரியுமா?" என்று இளித்தார் அகோரமூர்த்தி.

"தெரியும். போகிறதுக்கு முன்னே ஒரே ஒரு ஆசை." ஆவுடையப்பர் செம்மண் பானையைக் கவிழ்த்தார். தண்ணீர் ராஜாவின் பாதத்தை நனைத்தது. மண் உதிரவில்லை, முழு உருண்டையாகத் தொப்பென்று விழுந்தது. "அடேயப்பா! எங்கள் வீட்டு எள்ளுருண்டைகூட இப்படி இறுகாது. உலக்கை யாருடையது ஐயா?"

சபை சிரித்தது. "அள்ளும்போது மண் குலைந்துவிட்டது... பழையபடி அழுத்தினேன்," என்று முனகினார் அகோரமூர்த்தி.

"அப்படியானால் குலைக்காமலே எடுப்போம்."

அடியில்லாத பானை ஒன்றைச் செம்மண் காட்டில் அமுக்கி, மண்ணைக் கிடந்தது கிடந்தபடியே வெட்டியெடுத்து வந்தார்கள். அடியில் துணி கட்டித் தண்ணீர் விட்டார்கள். மேலே ஊற்ற ஊற்ற, கீழே கிண்ணம் நிரம்பி வழிந்தது.

"என் செல்லியை வெறும் பள்ளத்தில் நிறுத்தப் பார்த்தீரா?" ராஜா எழுந்துவிட்டார். "போம், கொட்டிலுக்கு!"

"பொறுங்கள் மகாராஜா. ஏமாற்றத்தான் இடித்தார், ஆனாலும் நமக்கு ஒரு வழி காட்டிவிட்டார். இறுகிய மண் தண்ணீரைச் சுலபமாக விடாது. அரண்மனைக்குப் பக்கத்திலேயே குளம் வெட்டுவோம். இறுக்காமலே தண்ணீரைப் பிடிக்கிற கரிசலைக் கொண்டுவந்து அடியிலும் கரையிலும் பரப்பி, ஈரத்தோடு மிதித்து இறுக்குவோம்."

"அத்தனையையும் யார் மிதிப்பது?"

"செல்லி இருக்கிறாள். உலக்கை பிடிக்கத் தெரிந்தவரும் ஒருத்தர் இருக்கிறார்."

ராஜா சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்கு முன்பே கோபம் போன நாள் அது ஒன்றுதான். முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

செல்லி மிதித்தாள். அவள் கால் எட்டாத மூலைகளில் அகோரமூர்த்தி இடித்தார். வாய்க்காலைத் திறந்ததும் செல்லி குளம் நிரம்பியது. ஊரே அப்படித்தான் பேர் வைத்திருந்தது. இறங்கிய செல்லி தும்பிக்கை நிறைய உறிஞ்சி, கரையில் நின்ற அகோரமூர்த்தியின் தலையில் பீய்ச்சினாள்.

"என்ன ஐயா, குளத்தில் தண்ணீர் நிற்குமா?" என்றார் ராஜா.

அகோரமூர்த்தி வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நிற்கும் மகாராஜா. இடித்தவன் சொல்கிறேன்."