பாறைமேல் முதலில் பேசிய முயல்

மேற்கு மலையின் அடிவாரத்தில், வருடத்தின் முதல் மழை வந்து இறங்குகிற காடு ஒன்று இருந்தது. அந்தக் காட்டில் பறவைகள் பாடும். மற்ற விலங்குகள் கேட்கும். கேட்டதைப் பற்றிப் பேசும். பாடுவதற்கு ஆகும் நேரத்தைவிடப் பேசுவதற்கு ஆகும் நேரம்தான் அங்கே அதிகம்.

முதல் மழை விட்ட மறுநாள் காலையில், அந்த வருடத்துப் புதுப்பாட்டுகளைப் பறவைகள் வெளியிடுவது வழக்கம். ஐந்து பாட்டு சேர்ந்தால் ஒரு கொத்து; ஒரு பறவைக்கு ஒரு கொத்து. ஆற்றங்கரையில் நின்ற பெரிய மருதமரத்தின் இலைகளுக்குள் மறைந்து உட்கார்ந்துதான் பாட வேண்டும். இறகின் அழகைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாது அல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு. எல்லாம் பாடி முடிந்த பிறகே பாடகர்கள் கிளை நுனிக்கு வந்து தலையைக் காட்டுவார்கள்.

அதன் பிறகு கூட்டம் பக்கத்தில் இருந்த பாறைக்குப் போகும். பாறைமேல் ஏறி, பாட்டு எப்படி என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் முதலில் சொல்கிறவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. அதைத்தான் அணில் வாயில் போட்டுக்கொண்டு காடெங்கும் ஓடும். அணிலின் வாய் சிறியது. நீளமாகச் சொன்னால் பாதியை வழியிலேயே விட்டுவிடும்.

பாறைமேல் முதலில் ஏறுவது எப்போதும் முயல்தான்.

"அந்தக் காதைப் பாருங்கள். அவ்வளவு நீளக் காது சும்மாவா வளர்ந்திருக்கும்?" என்று விலங்குகள் பேசிக்கொள்ளும். முயலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டது.

முயல் மாங்குயிலின் ரசிகன். சாதாரண ரசிகன் இல்லை. வெறி பிடித்த ரசிகன். ஒரு தடவை குரங்கு, "மாங்குயில் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டது. அந்தக் கோடை முழுக்க முயல் குரங்குக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வருடம் புதிதாக ஒரு குருவியும் பாடப் போவதாகச் செய்தி வந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தத் தையல்சிட்டு.

முயல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது அணில் ஓடி வந்தது. "அண்ணா, விஷயம் தெரியுமா? இந்த வருடம் மாங்குயிலோடு தையல்சிட்டும் பாடுகிறதாம், வேறு யாரும் இல்லையாம்!"

முயல் புல்லைத் துப்பிவிட்டுச் சிரித்தது. "நாலு இலையைச் சேர்த்துத் தைத்தால் கூடு ஆகும். நாலு சத்தத்தைச் சேர்த்துத் தைத்தால் பாட்டு ஆகுமா?"

அணில் வாலைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. "அண்ணா, இதைப் பாறைமேல் சொல்ல வேண்டும்!"

"சொல்லாமல் விடுவேனா?"

அந்த வரி முயலுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்று முழுவதும் அதைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டது. மாங்குயிலைப் புகழ்வதற்கும் சில வரிகளைத் தயார் செய்தது. பாட்டு வெளிவருவதற்கு முன்பே முயலின் கருத்து தயாராகிவிட்டது.

மறுநாள் காலையில் மருதமரத்தடியில் நல்ல கூட்டம். இலைகளுக்குள்ளிருந்து முதல் கொத்து தொடங்கியது. மூத்தவர் முதலில் பாடுவதுதான் முறை. அதனால் முயல் முதல் சத்தத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கியது. ஆட்டியதே தவிர, மனசு முழுக்கப் பாறைமேல் பேசப் போகிற வரிகளில் இருந்தது. 'தேன்' என்பதை முதலில் சொல்லலாமா, கடைசியில் சொல்லலாமா? அது முடிவாவதற்குள் முதல் கொத்து முடிந்துவிட்டது.

இரண்டாவது கொத்து தொடங்கியது. இப்போது முயல் கண்ணைத் திறந்து, காதைத் தூக்கி, குற்றம் கண்டுபிடிக்கத் தயாரானது. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குரல் கரகரத்தது. இரண்டாவது பாட்டில், மேலே ஏற வேண்டிய இடத்தில் உடைந்தே போய்விட்டது.

"பார்த்தாயா?" என்று குரங்கின் விலாவில் இடித்தது முயல்.

நாலாவது பாட்டு மெதுவான பாட்டு. மழை விட்ட பிறகு இலை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நிற்குமே, அது போல ஒவ்வொரு சத்தமும் நின்று நின்று விழுந்தது. மென்றுகொண்டிருந்த முயலின் வாய் அப்படியே நின்றுவிட்டது. முதுகு ரோமம் சிலிர்த்தது.

அடுத்த கணமே அதற்குத் தன்மேல் கோபம் வந்தது. 'ச்சே! போயும் போயும் ஒரு தையல்சிட்டின் பாட்டுக்கா?' என்று இரண்டு காதுகளையும் முன்கால்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

ஐந்தாவது பாட்டு தொடங்கும்போது முயல் எழுந்து பாறையை நோக்கி ஓடியது. முயல் ஓடியதைப் பார்த்துக் குரங்கு ஓடியது. முன்னால் இடம் கிடைக்காதே என்று மானும் கீரியும் மற்றவையும் ஓடின. ஆமை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எப்படிப் போனாலும் கடைசியில்தான் போய்ச் சேரப் போகிறோம் என்று அது எந்தக் காலத்திலும் அவசரப்பட்டதில்லை.

முயல் பாறைமேல் ஏறித் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"முதல் கொத்து தேன்! ஐந்து பாட்டும் தேன்! மாங்குயிலாருக்கு இணை மாங்குயிலார்தான். அந்தக் குரல் இன்னும் பத்து மழைக்காலத்துக்குத் தாங்கும்."

"அடி சக்கை!" என்றது குரங்கு.

"இரண்டாவது கொத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?"

"சொல்லு, சொல்லு!" என்று கூட்டம் கத்தியது.

"ஓட்டைப் பானைக்குள் காற்று புகுந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நாலு இலையைச் சேர்த்துத் தைத்தால் கூடு ஆகும். நாலு சத்தத்தைச் சேர்த்துத் தைத்தால் பாட்டு ஆகுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முயல் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து சொன்னது: "அந்தத் தொண்டைக்கு நான் ஒரு யோசனை சொல்கிறேன். மூடிக்கொண்டு கூட்டில் படுத்திருக்கட்டும். காடு பிழைத்துப்போகும்."

அதற்கு மேல் அணில் காத்திருக்கவில்லை. "முதல் கொத்து தேன்! இரண்டாவது ஓட்டைப் பானை!" என்று கத்திக்கொண்டே மரத்துக்கு மரம் தாவி ஓடிவிட்டது.

அப்போதுதான் ஆமை வந்து சேர்ந்தது. "எதற்கு இவ்வளவு சிரிப்பு?" என்று கேட்டது.

"தையல்சிட்டின் ஓட்டைப் பானையைப் பற்றி முயல் சொன்னது" என்றது குரங்கு.

"தையல்சிட்டா? அது நன்றாகத்தானே பாடியது. முதல் கொத்து அதனுடையது."

முயல் பாறைமேலிருந்து குனிந்து பார்த்தது. "உளறாதே. முதலில் பாடுவது மூத்தவர்."

"வழக்கம் அப்படித்தான். இந்தத் தடவை மாங்குயில் இடத்தை விட்டுக் கொடுத்ததாம். 'புதிதாக வந்தது முதலில் பாடட்டும், கூட்டம் கலையாமல் இருக்கும்போது பாடட்டும்' என்று சொன்னதாம். கடைசியில் கிளைக்கு வந்து அதுவே சொன்னது. கேட்பதற்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் முயலைப் பார்த்தார்கள்.

முயல் காதுகளைத் தாழ்த்திக்கொண்டது. "நானும் அதைத்தானே சொல்ல வந்தேன். அந்த இரண்டாவது கொத்தில் ஒரு ஆழம் இருக்கிறது. மேலோட்டமாகக் கேட்டால் கரகரப்பு போலத் தெரியும். ஆனால் அது வேண்டுமென்றே..."

"இப்போதுதானே ஓட்டைப் பானை என்றாய்?" என்றது குரங்கு.

"அது... கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்."

"அதற்குள் எத்தனை தடவை கேட்டாய்?"

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. முயலுக்குக் காதின் அடி வரை சுட்டது.

"முயலே" என்று மேலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. கரகரத்த குரல். பாறைக்கு மேலே நீண்டிருந்த கிளையில் மாங்குயில் உட்கார்ந்திருந்தது. எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஐயா... நான்..."

"எனக்குக் கோபம் இல்லை" என்றது மாங்குயில். "போன கோடையிலிருந்து தொண்டை சரியில்லை. இனிமேல் பாடலாமா, நிறுத்திவிடலாமா என்று எனக்கே தெரியவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அதைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று பறந்து வந்தேன். உன் காதை அவ்வளவு நம்பியிருந்தேன்."

"நீங்கள் நிறுத்தக் கூடாது ஐயா! அந்த நாலாவது பாட்டு... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!"

மாங்குயில் தலையைச் சாய்த்தது. "நிஜமாகவா?"

"சத்தியமாக!"

"இதைப் பாறைமேல் ஏறியதும் நீ சொல்லவில்லையே. என் பாட்டு என்று தெரிந்த பிறகு சொல்கிறாய். நான் எப்படி நம்புவது?"

அன்று காலையில் முயல் சொன்னவற்றில் உண்மையான ஒரே ஒரு சொல் அதுதான். அதை நம்ப வைப்பதற்கு அதனிடம் வேறு சொல் எதுவும் மிச்சம் இல்லை.

"இத்தனை வருஷம் நீ சொன்ன நல்ல வார்த்தைகள்" என்று மாங்குயில் தயங்கித் தயங்கிக் கேட்டது, "அவையும் இப்படித்தானா? தொண்டை கெட்டது எனக்குத் தெரிந்த நாளில்கூட, முயலுக்குப் பிடித்திருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்."

எந்த வருடத்துப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டோம் என்று முயல் யோசித்துப் பார்த்தது. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பாறைமேல் தான் பேசியதுதான் நினைவுக்கு வந்தது.

மாங்குயில் ஆமையைப் பார்த்துத் திரும்பியது. "நீ கடைசி வரை கேட்டாய். நீ சொல்லு."

ஆமை சற்று யோசித்தது. "இரண்டாவது பாட்டில் குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு மேலே போகாமல் இருந்திருக்கலாம். நாலாவது பாட்டு எனக்குப் பிடித்தது. இந்த மழைக்காலம் முழுக்கத் தொண்டைக்கு ஓய்வு கொடு. பிறகு தாழ்ந்த குரலில் பாடு."

"சரி" என்றது மாங்குயில். வேறு எதுவும் கேட்காமல் பறந்து போயிற்று.

அந்த ஒரு "சரி"யைக் கேட்டு முயல் கூனிக் குறுகிப் பாறையை விட்டு இறங்கியது. யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் கேலியும் பேசவில்லை.

ஆற்றங்கரைப் புதரருகே தையல்சிட்டு படபடவென்று இறகடித்துக்கொண்டு வந்தது.

"அண்ணா! முதல் கொத்து தேன் என்று நீங்கள் சொன்னீர்களாமே! அணில் கத்திக்கொண்டு போகிறது. நேற்றெல்லாம் பயத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மூன்றாவது பாட்டில் ஒரு இடத்தில் தடுமாறினேன். கவனித்தீர்களா அண்ணா? அது பெரிய தப்பா?"

'கவனித்தேன், பெரிய தப்பு இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும். சிட்டு சந்தோஷமாகப் போய்விடும். முயலின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது.

"கவனிக்கவில்லை" என்றது முயல்.

"ஓ. அப்படியானால் மற்ற நாலில் எது பிடித்தது?"

"தெரியாது. பாடுவது மாங்குயில் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். உன் பாட்டு எதையும் நான் கேட்கவில்லை. ஓட்டைப் பானை என்றேனே, உன்னைத்தான் நினைத்துச் சொன்னேன்."

தையல்சிட்டு இறகை மடக்கிக்கொண்டது.

"ஒரு பாட்டைக்கூடவா?" என்று கேட்டது.

"ஒன்றைக்கூட."

"பரவாயில்லை அண்ணா" என்று சொல்லிவிட்டுச் சிட்டு புதருக்குள் போய்விட்டது.

முயல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தூரத்தில், காட்டின் மறு ஓரத்தில், அணில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "முயல் சொல்லிவிட்டது! முயல் சொல்லிவிட்டது!"

நீதி: பாட்டைக் கேட்காமல் பாடியவர் பெயருக்குச் சொல்லும் புகழ், அந்தப் பெயருக்கு உரியவருக்கே ஒருநாள் உதவாமல் போகும்.